சிவப்பு வண்டியின் வால்

ஏரிக்கரைக் கடை முற்றத்தில் வாடகைக்கு விடும் இரண்டு மோட்டார் பனிவண்டிகள் இரவெல்லாம் நின்று பனி படிந்து வெளுத்திருக்கின்றன. கறுப்பு அகலமானது, காட்டுப்பாதையின் மேடுபள்ளக் குலுக்கல் எதுவும் இடுப்புக்கு எட்டாது. சிவப்பு ஒல்லி, உறைந்த ஏரியில் விட்டால் கண்ணுக்குச் சிக்காது. கடைக்காரர் ரோசேர் இரண்டின் வேகத்தையும் ஓயாமல் ஒப்பிடுகிறார். ஃபெர்னாந்தின் கணவன் ஓவிலா கறுப்பின் இருக்கையைத் தட்டுகிறான்.

“இதையே எடுப்போம். நான் ஓட்டறேன், நீ பின்னாடி சாஞ்சு உட்கார்ந்துக்க. போன வருஷம்தான் மணிக்கட்ட உடைச்சுக்கிட்ட. இன்னும் எதுக்கு வேகம்?”

ஃபெர்னாந்த் கையுறையை இறுக்குகிறாள். குளிரில் கிடந்த வண்டியின் அடிப்பட்டை பனியோடு ஒட்டிக்கொள்ளும்; பின்முனையான வாலைத் தூக்கிப் பெயர்த்தால்தான் கிளப்ப முடியும். கறுப்பின் வாலை இழுத்துப் பார்க்கிறாள். அசையவில்லை. ஓவிலா கை கொடுக்க ஓடி வருகிறான்.

“தொடாத, மனுஷா.”

சிவப்புக்குப் பின்னால் போய் முழங்காலை மடக்குகிறாள். மூச்சு வெண்புகையாகி முகத்தை மறைக்கிறது. மணிக்கட்டில் பழைய வலி ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. படீரென்று பனி விடுகிறது. வால் அவள் கைகளில் தொங்க, காலை வெயிலில் பனித்தூள் பொன்னாகச் சிதறுகிறது. ரோசேரின் பேச்சு நின்றுவிடுகிறது.

வாலை மெல்ல இறக்குகிறாள். மணிக்கட்டைத் தேய்த்துக்கொள்ளவில்லை.

“எனக்கு இது. கறுப்ப நீ எடுத்துக்க, மெதுவா வா. நான் முன்னாடியே போய் அக்கரைக் குடிசையில உனக்கு சூப் சுட வைக்கிறேன்.”