தம்பிக்கு மட்டும் வராத சொல்

என் அம்மாவின் மரண அறிவித்தலை இணையத்தில் போட என் மகள் குணேஸ்வரி ஜாவா என்ற கணினி மொழியில் ஒரு பக்கம் எழுதினாள். இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல்லை அதிலுள்ள டேக் லைப்ரரி என்ற நிரல் தொகுப்பு தானாகவே சேர்க்கும். என் அப்பாவுக்குச் சேர்த்தது. மாமாவுக்கும் சேர்த்தது. என் தம்பி சிவகுருநாதனுக்கு மட்டும் சேர்க்கவில்லை. போன வருடம் திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஷெல் விழுந்து இறந்தவன் அவன். கொள்ளி வைத்தவன் நான்.

"தம்பி செத்ததே தெரியாத குடும்பமெண்டு சனம் சிரிக்கும். திருத்து, பிள்ளை."

"லைப்ரரியையே மாத்திப் பாத்தனான், அப்பா. பிழை ஒண்டுமில்லை."

"அப்ப கையால அடி!"

அடித்தாள். பக்கத்தைத் திறந்தால் பெயர் மட்டுமே நின்றது.

"சித்தப்பாவுக்கு விருப்பமில்லைப் போல."

"பகிடி விடாதை!"

அறிவித்தல் முறையாக வரும்வரை வெளிநாட்டில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று நான் தடுத்திருந்தேன். அப்போது தொலைபேசி அடித்தது. பல வருடமாக எங்களோடு கதைபேச்சில்லாமல் கனடாவில் இருக்கும் மச்சான் அருளம்பலம் அழுதார்.

"மாமி போயிட்டாவாமே!"

"ஆர் சொன்னது?"

"உங்கட தம்பி சிவாதான் இப்ப ஃபோன் எடுத்துச் சொன்னவன். நீங்கள் இன்னும் அறிவித்தலோட மினக்கெடுறியளாம்."