எட்டாவது மீன்

சரக்குக் கப்பலில் அசந்து தூங்கிய சடையன் என்ற காக்கா, விழித்தபோது வேறொரு தேசத்துத் துறைமுகத்தில் இருந்தது. அங்கே எல்லாம் கடற்புறாக்கள். மறுநாள் சடையனுக்கு ஒரு மீன் கிடைத்தது. நாலு பேரைக் கூப்பிடாமல் தின்று அதற்குப் பழக்கமில்லை. "கா, கா" என்று கத்தியது. மொட்டைவால் என்ற கடற்புறா வந்து, ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு மீனைத் தூக்கிக்கொண்டு போனது.

மீன் போனதைவிட அந்தச் சிரிப்புதான் சடையனுக்குச் சுருக்கென்றது. "இவன் பாஷையிலேயே இவனை நாக்கைப் பிடுங்குற மாதிரி கேக்குறேன்" என்று கறுவியது. கடற்புறாக்கள் சண்டை போடும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து காது கொடுத்தது. பாலத்தடியில் தனியாகச் சொல்லிப் பார்த்தது. அதற்குள், பழக்கம் விடாமல் தினமும் "கா, கா" என்று கூப்பிட்டதில் ஏழு மீன் போய்விட்டது. ஏழையும் அது மறக்கவில்லை.

எட்டாவது மீனுக்கும் மொட்டைவால் வந்தது. சடையன் அந்த ஊர் இழுவையோடு ஆரம்பித்தது.

"எலேய் மொட்டை! வாலைத் தொலைச்சவனுக்கு வெட்கத்தையும் தொலைக்கணுமாடா? எட்டி நில்லுலே!"

மொட்டைவால் வாயைப் பிளந்தது. "அட, எங்க சித்தப்பா திட்டுற மாதிரியே இருக்கே! ஆனா அண்ணே, நீதானே தினமும் சாப்பிடக் கூப்பிட்டே? 'ரொம்பப் பெரிய மனசு உனக்கு'ன்னு முதல் நாளே சொன்னேனே!"

அந்தச் சிரிப்பு கேலியில்லை என்று சடையனுக்கு இப்போதுதான் உறைத்தது. அதற்காக ஏழு மீன் கோபத்தைச் சும்மா விடமுடியுமா?

"கூப்பிட்டா பங்குக்கு வரணும்டா, மொத்தத்தையும் தூக்கக்கூடாது!" என்று கத்திக்கொண்டே, மீனின் வாலைக் கிழித்து மொட்டைவாலின் முன்னால் போட்டது. "இந்தா, உனக்கு இல்லாதது!"