ரெஜ் சொன்ன ஆமா

"மருமகன் நம்ம தோட்டத்து வேலிக்கு ஊதாப் பெயின்ட் அடிச்சிட்டான்யா. ரொம்ப அழகா இருக்குதாம்," என்றாள் மேவிஸ்.

"ஆ...மா," என்று இழுத்தார் ரெஜ்.

"நக்கல் பண்ணாத. பாவம், ஆசையா செஞ்சிருக்கான். எங்க அக்கா வந்து ஒரு மாசம் நம்மகூட இருக்கட்டுமா?"

"ஆமா!" கடப்பாரை பாறையில் இறங்கியதுபோல வந்தது.

"சரி, கத்தாத. வர வேணாம்னுட்றேன். டீ குடிக்கிறியா?"

"ஆமா." குரல் தணிந்திருந்தது. மேவிஸ் கோப்பையை அவர் வாயருகே பிடித்தாள்.

அப்போது ஆஸ்பத்திரி வார்டுக்குள் டாக்டர் வந்தார். லண்டன் பக்கத்திலிருந்து யார்க்‌ஷயருக்கு வேலைக்கு வந்த இளைஞர். மேவிஸை ஓரமாக அழைத்தார்.

"மனசைத் தேத்திக்கங்கம்மா. பக்கவாதத்துல பேச்சு போயிடுச்சு. அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம். அதையும் புரிஞ்சு சொல்லல. 'இது லண்டனா'ன்னு கேட்டேன், ஆமான்னார். 'நீங்க பொம்பளையா'ன்னு கேட்டேன், அதுக்கும் ஆமா. இவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. காப்பகம்தான்."

மேவிஸ் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பொம்பளையான்னப்ப எப்படிச் சொன்னாரு? அதே மாதிரி சொல்லிக் காட்டுங்க."

டாக்டர் யோசித்து, "ஆ...மா," என்று இழுத்தார். சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அடுத்த கட்டில்காரர் குலுங்கிச் சிரித்தார்.

"எங்க யார்க்‌ஷயர் சுரங்கத்து ஆளுங்க 'போடா மடையா'ங்கிறதை அப்படித்தாங்க சொல்லுவாங்க," என்றாள் மேவிஸ்.

டாக்டர் ரெஜ் அருகே குனிந்தார். "மன்னிச்சுக்குங்க ஐயா. வீட்டுக்குப் போகணுமா?"

"ஆமா," என்றார் ரெஜ்.

அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேவிஸ் குனிந்து, கட்டிலடியில் அவருடைய பூட்ஸைத் தேடினாள்.