மேட்டுக்கு முன்னால்

இயற்கைப் பூங்காவுக்கு ஏறும் மேட்டுக்கு முன்னால், டீ குடித்துவிட்டு வருவதற்குள், இந்த ஞாயிறும் தையல்காரரின் சைக்கிளில் மட்டும் காற்று போயிருந்தது. கூட்டாளிகள் இருவரின் டயர்களும் கல்லாட்டம் இருந்தன.

எவனோ வேலை காட்டுகிறான்!

அவசரமே இல்லாமல் பம்பைத் தேடிய கூட்டாளி போட்டோகிராபரின் சட்டைப்பையில், தையல்காரரின் டயர் வால்வு மூடி எட்டிப் பார்த்தது.

"நான் முந்திடுவேன்னு பொறாமையாடா உனக்கு?" என்று தையல்காரர் அவர் சட்டையைப் பிடித்தார்.

"ஆஸ்பத்திரில உன் நெஞ்சைத் திறந்து தச்சு அனுப்பி ஆறு மாசம்கூட ஆகல. மேடு ஏறுறதுக்கு முன்னாடி கொஞ்சம் உக்காருடான்னா கேக்குற ஆளா நீ?"

பிடி தளர்ந்தது.

அடுத்த ஞாயிறு, அதே இடத்தில் தையல்காரரே முதலில் இறங்கினார். கல்லாட்டம் இருந்த தன் டயரை அழுத்திப் பார்த்தார்.

"காத்து போயிடுச்சுடா!"

இருவரும் அவசரமே இல்லாமல் பம்பைத் தேட ஆரம்பித்தார்கள்.