வெறுங்கால் தடம்

பண்ணையில் பரம்பரை அடிமையான பதினாறு வயதுச் சின்னத்தாய் விடியற்காலையில் ஓடிவிட்டாள். பண்ணையார் குருசாமி கட்டிலில் சம்மணமிட்டபடியே கத்தினார்.

“தடம் தெரியுதாடா?”

தடம் பார்க்கும் நல்லகாமன் கைகட்டி நின்றான். “வாடிப்பட்டி ரயிலடி வரைக்கும் ஒத்தத் தடந்தாங்கய்யா. செருப்புத் தடம். யாரோ பெரிய மனுசரு போயிருக்காரு.”

“முட்டாப் பயலே! நம்ம பண்ணையாளுக செருப்பு போட்டா காலு இருக்குமா? வெறுங்காலுத் தடத்தைத் தேடு!”

வயல், வாய்க்கால் எல்லாம் மதியம்வரை தேடினார்கள். அதற்குள் மதுரை ரயிலும் போய்விட்டது.

“துப்புக்கெட்ட பயலுகளா! நானே போயி அவளை இழுத்துட்டு வாரேன்!”

அப்போதுதான் குருசாமி கட்டிலைவிட்டு இறங்கக் காலைத் தொங்கவிட்டுத் துழாவினார். ராத்திரி கட்டிலடியில் கழற்றிப்போட்ட அவருடைய செருப்பைக் காணவில்லை.