மூன்றாவது இலை

“செத்த நாற்றைத் தூக்கிட்டு வந்து இட்லிப்பானை பக்கத்துல வெச்சிருக்கீங்க பூவிழி. வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க.”

“சாகலை சார். குளிருது, அவ்வளவுதான்.”

ஆய்வகத் தலைவர் ஞானப்பிரகாசம் நாற்றுத் தட்டைத் திரும்ப எடுத்துப்போகவே அவள் வீட்டுக்கு வந்திருந்தார். சமையலறை ஜன்னலடியில், பாலில் முளைத்தவைபோல நெல் நாற்றுகள் வெள்ளை வெளேரென்று நின்றன. குளிர் அறையில் முளைத்தவை. பச்சையத்தை உண்டாக்கும் மரபணு இவற்றில் குளிருக்கு முடங்கிக் கிடக்கிறது, சூடு கிடைத்தால் எழுந்துவிடும் என்பது பூவிழியின் கட்சி. பிறவியிலேயே கெட்டுப்போன மரபணு என்பது அவருடையது. விதைக்குள் இருந்த சாப்பாடு மூன்றாவது இலையோடு தீர்ந்துவிடும். அதற்குள் பச்சை வராவிட்டால் அத்தனையும் சாகும், அவளுடைய ஆராய்ச்சியும் அதோடு முடியும்.

“மூணாவது இலையும் வெள்ளைன்னா நானே குப்பையில கொட்டிடுவேன்.”

“கொட்டுங்க சார். பச்சைன்னா?”

“உங்க மரபணுவுக்கு நீங்களே பேர் வெச்சுக்கோங்க.”

“வெச்சாச்சு சார்.”

அவர் சிரித்துவிட்டுக் குனிந்தார். இரண்டு வெள்ளை இலைகளுக்கு நடுவே, சுருட்டிய காகிதம்போல ஒரு நுனி வெளியே வந்திருந்தது. அவள் பானையின் மூடியைத் திறந்தாள். ஆவி எழுந்து நாற்றையும் அவர் மூக்குக்கண்ணாடியையும் சேர்த்து மூடியது. பூவிழி தட்டின் பக்கம் திரும்பவே இல்லை. இட்லிகளை நிதானமாக எடுத்து வைத்தாள்.

“கண்ணாடியைத் துடைச்சுட்டு, அந்த நுனி என்ன நிறம்னு நீங்களே சொல்லுங்க சார்.”