விடுபட்ட இரண்டாம் எபிசோடு

வரிசையில் எண் விடுபட்டால், அந்த எபிசோடைத் தானே உருவாக்கி வைப்பது டிவி பெட்டியின் வேலை. வீட்டு வீடியோக்களையும் சீரியல் போலவே எண்ணிட்டு அதில் ஏற்றியிருந்தார் துரைசாமி.

"வளைகாப்பு ஒண்ணாம் நம்பரு, நம்ம பையன் மதன் பொறந்தநாளு மூணாம் நம்பரு. ரெண்டாம் நம்பரு எங்கீங்க?" என்றாள் மனைவி கோகிலவாணி.

"பொறந்தன்னைக்கே போன மூத்தவளுக்கு விட்டு வெச்சேன் அம்மிணி. அவளுக்குத்தான் படமே இல்லையே."

"இப்ப இருக்குதுங்க."

திரையில் துரைசாமி தொட்டிலருகே குனிந்து, குழந்தையின் காதில் மூன்று முறை "பூவிழி" என்றார்.

"யாருங்க வெச்ச பேரு?"

துரைசாமி எழுந்து திரையருகே போனார். "நான்தான். புதைக்கறதுக்கு முந்தி அவ காதுல சொன்னேன். பக்கத்துல ஒருத்தருமே இல்ல. இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கோகிலவாணி கோப்பின் பெயராக இருந்த இரண்டு என்ற எண்ணை அழித்துவிட்டு, மகளின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.